ஆண்டின் நடுவே வகுப்புக்கு வரும் புதுக் குழந்தை: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஜூன் மாதத்தில் வகுப்பில் எல்லோரும் புதியவர்கள் என்பதால் அழுகையும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். ஆகஸ்டிலோ பொங்கல் விடுமுறைக்குப் பிறகோ தனியாக வந்து வாசலில் நிற்கும் குழந்தையின் நிலை வேறு. இந்தப் பக்கத்தில் அப்படி வருபவர்கள் குறைவில்லை. நெய்வேலியிலிருந்து பெற்றோரின் பணி மாறி வருபவர்கள், வாடகை கட்டுப்படாமல் புதுச்சேரியிலிருந்து இங்கு வருபவர்கள், இங்கிருந்து அங்கு போகிறவர்கள், கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் வரும் குடும்பங்களின் பிள்ளைகள் என ஒவ்வோர் ஆண்டும் யாராவது வருகிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அதை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் நினைவிருக்கும். மழைக்காலமும் இங்கே பிள்ளைகளை இடம் மாற்றிவிடும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

புதுக் குழந்தை வரப்போவது முன்கூட்டியே தெரிந்தால் வகுப்பிடம் என்ன சொல்ல வேண்டும்?

"எல்லாரும் நல்லபடியாகப் பழக வேண்டும்" என்று மட்டும் சொல்வதில் பயனில்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு ‘நல்லபடியாக’ என்பது பிடிபடாத சொல். என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்கள் வாயிலிருந்தே வரவழைப்பது நல்லது. நான் வழக்கமாகக் கேட்பது இதுதான்: "நாளைக்கு ஒரு பொண்ணு புதுசா வருது. நம்ம ஸ்கூல்ல அதுக்கு என்னென்ன தெரியாது?"

அதற்கு வந்த பதில்களில் சில எனக்கே செய்தியாக இருந்தன. "மூணாவது குழாய்லதான் தண்ணி வரும்னு தெரியாது." "சத்துணவு தட்டு எங்க கழுவணும்னு தெரியாது." "பாத்ரூம் தாழ்ப்பாள் விழாது மிஸ், வெளிய ஒருத்தர் புடிச்சிக்கிட்டு நிக்கணும், அது தெரியாது." தாழ்ப்பாள் பழுதானதும், பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே காவல் முறை ஒன்றை வைத்திருந்ததும் எனக்கு அன்றுதான் தெரிந்தன. தாழ்ப்பாள் மறுவாரம் மாற்றப்பட்டது. ஆனால் புதிதாக வரும் ஒரு சிறுமிக்கு முதல் நாளில் மிகவும் தேவைப்படுவது அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள்தான் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். "யார் நிற்பீர்கள்?" என்று கேட்டதும் ஒன்பது கைகள் எழுந்தன.

சொல்லக் கூடாதவையும் உண்டு. அப்பா இல்லை, வீடு வெள்ளத்தில் போய்விட்டது, கடன் தொல்லையால் ஊர் மாறி வந்தார்கள் போன்றவை அந்தக் குழந்தைக்குச் சொந்தமான செய்திகள்; வகுப்புக்கு அறிவிக்க நமக்கு உரிமையில்லை. குறிப்பாக ‘பாவம்’ என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும். வகுப்பு ஒரு குழந்தையைப் ‘பாவம்’ என்று பார்க்கப் பழகிவிட்டால், அதன் பிறகு பென்சில் கொடுப்பார்கள், தின்பண்டம் கொடுப்பார்கள், ஆனால் விளையாட்டில் எதிரணியாக நிறுத்தி ஓடவிட மாட்டார்கள்.

முதல் நாள் முன்னால் நிறுத்திப் பெயர் சொல்லச் சொல்லலாமா?

வேண்டாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மேடையேற்றிக் கைதட்டுவதும் வேண்டாம். நாற்பது முகங்கள் ஒரே நேரத்தில் தன்னைப் பார்ப்பதைப் பெரியவர்களாலேயே தாங்க முடிவதில்லை. பை வைக்க ஓர் இடம், உட்கார ஓர் இடம், வருகைப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர், இவை தயாராக இருந்தாலே போதும். பெயரை எழுதாமல் வைத்துவிட்டு, வருகை எடுக்கும்போது கடைசியில் "நீ யாரும்மா?" என்று கேட்பது நாம் அடிக்கடி செய்யும் தவறு.

துணைக்கு ஒரு குழந்தையை நியமிப்பது நல்லதுதானா?

நல்லது, ஆனால் ஒருவரை அல்ல, இருவரை. ஒரே குழந்தையை நியமித்தால் அது விடுப்பு எடுக்கும் நாளில் புதுக் குழந்தை மீண்டும் அநாதையாகிவிடும். மேலும், பொறுப்பேற்ற குழந்தை சில நாட்களிலேயே சலித்துப்போகும்; அந்தச் சலிப்பு நியாயமானதும்கூட. ஒரு வாரத்துக்கு இருவர், அடுத்த வாரம் வேறு இருவர் என்று மாற்றினால், மூன்று வாரத்தில் புதுக் குழந்தைக்கு ஆறு பேரின் பெயர் தெரிந்திருக்கும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் என் கருத்து வழக்கத்திற்குச் சற்று மாறானது. பெரும்பாலான ஆசிரியர்கள் வகுப்புத் தலைவரையோ நன்றாகப் படிக்கும் குழந்தையையோதான் கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்ட குழந்தை துணையாக நடப்பதை விட்டுவிட்டு மேற்பார்வை பார்க்கத் தொடங்கிவிடும். "மிஸ், இவன் எழுதல" என்று இரண்டாம் நாளே புகார் வரும். அதைவிட, போன ஆண்டு இதேபோல நடுவில் வந்து சேர்ந்த குழந்தையோ, எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதற்காகத் திட்டு வாங்கும் குழந்தையோ சிறந்த துணை. பள்ளியின் மூலை முடுக்கெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி.

பெயரை வைத்துக் கேலி செய்கிறார்களே?

முதலில் ஆசிரியர் அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டும். பெற்றோரிடம் கேட்டு, நாலு முறை சொல்லிப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் போனால் பாதி வேலை முடிந்தது. நமது நாக்குக்கு வராத பெயரைச் சுருக்கி ‘குட்டி’ என்றோ ‘ராஜா’ என்றோ கூப்பிடுவது அன்பாகத் தோன்றலாம். ஆனால் ஊரும் வீடும் மொழியும் மாறிவிட்ட குழந்தையிடம் பழைய இடத்திலிருந்து மிச்சமிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

ஒரே வகுப்பில் இரண்டு ஹரிணிகள் ஆகிவிட்டால், பிள்ளைகள் உடனே ஒரு அடைமொழியைக் கண்டுபிடிப்பார்கள். அது நிறமாகவோ உடம்பாகவோ இருக்கும். ‘பழைய ஹரிணி, புது ஹரிணி’ என்றாலும் புதியவள் ஐந்தாம் வகுப்பு வரை புதியவளாகவே இருந்துவிடுவாள். அவர்கள் முந்திக்கொள்ளும் முன்பே இனிஷியலைப் பழக்கிவிட வேண்டும். கே.ஹரிணி, எஸ்.ஹரிணி என்று அழைப்பது நம் ஊரில் ஏற்கெனவே உள்ள வழிதான்.

விளையாட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?

"அவனையும் சேத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு நாம் திரும்பி நடந்த அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும்: அவனை ஓரத்தில் நிறுத்தியிருப்பார்கள். நம் பிள்ளைகளின் விளையாட்டில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. சின்னப் பிள்ளைகளையோ விதி தெரியாதவர்களையோ ‘ஒப்புக்கு’ச் சேர்த்துக்கொள்வார்கள்; அந்தப் பிள்ளையைத் தொட்டாலும் அவுட் இல்லை, அது தொட்டாலும் கணக்கில்லை. அந்த ஏற்பாட்டுக்கு வழங்கும் பெயர் ஊனத்தை இழிவாகச் சொல்வது, ஆகவே அதைப் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது. ஏற்பாட்டை மட்டும் முழுவதுமாகக் குறை சொல்ல மாட்டேன். விதி தெரியாத குழந்தைக்கு இரண்டு நாள் அவுட் இல்லாமல் ஓடிப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கிறது. மூன்றாம் நாளும் அப்படியே தொடர்கிறதா என்பதைத்தான் ஆசிரியர் கவனிக்க வேண்டும். "இன்னிக்கு அவுட் ஆனா அவுட்தான்" என்று பிள்ளைகள் சொல்லும் நாளில்தான் அந்தக் குழந்தை ஆட்டத்துக்குள் வந்திருக்கிறது.

எந்த விளையாட்டு என்பதும் முக்கியம். கபடியிலும் கிரிக்கெட்டிலும் தலைவர்கள் ஆள் எடுக்கும்போது புதியவர் கடைசியில் நிற்பார். முதல் வாரத்தில் நான் தேர்ந்தெடுப்பது குலைகுலையா முந்திரிக்கா. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், அணி கிடையாது, துணி யார் முதுகுக்குப் பின்னால் விழும் என்பது யாருக்கும் தெரியாது, ஓடத் தெரிந்தால் போதும். முந்திரி விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்த விளையாட்டை மறந்துவிடுவது வேறு நியாயமில்லை. இரண்டாம் வாரத்தில் பூப்பறிக்க வருகிறோம். அதில் எதிரணிப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தாக வேண்டும். புதிய குழந்தையின் பெயரை வகுப்பு முழுவதும் ராகத்தோடு கூவுவதற்கு இதைவிட நல்ல சாக்கு எனக்குத் தெரியவில்லை. அணி பிரிக்க வேண்டி வந்தால், ஆள் எடுக்க விடாமல் சாட் பூட் த்ரீ போட்டுப் பிரிப்பது நல்லது.

என் மகளின் நெருங்கிய தோழியைப் புதியவள் ‘பறித்துக்கொண்டாள்’ என்று அழுகிறாள். நான் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் சற்றுக் கூச்சத்தோடுதான் கேட்கிறார்கள், கூச்சத்துக்கு அவசியமில்லை. உங்கள் மகளின் வருத்தம் உண்மையானது. "அப்படியெல்லாம் பொறாமைப்படக் கூடாது" என்று சொன்னால் அவள் வருத்தத்தோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமப்பாள். முதலில் கேளுங்கள், பிறகு, மூன்று பேர் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். கயிறு தாண்டுவதற்கு மூன்று பேர் வேண்டும்: இருவர் சுற்ற, ஒருவர் தாண்ட. இந்த வயதில் காலையில் ‘காய்’ விட்டவர்கள் மதியம் ‘பழம்’ விட்டுவிடுகிறார்கள். இரு வீட்டுத் தாய்மார்கள் இடையில் நுழைந்து வாட்ஸ்அப் குழுவில் பேசத் தொடங்கினால் மட்டுமே அது மாதக்கணக்கில் நீடிக்கும்.

குழந்தைக்குத் தமிழ் தெரியாவிட்டால்?

புதுச்சேரி ஆட்சிப்பகுதி ஒரே ஊர் அல்ல. கேரளக் கரையில் மாஹேயும் ஆந்திராவுக்குள் ஏனாமும் தெற்கே காரைக்காலும் அதில் அடங்கும். அரசுப் பணியாளர்கள் இந்த நான்கு பகுதிகளுக்கும் மாற்றப்படுவதால், மலையாளமோ தெலுங்கோ பேசும் குழந்தை திடீரென்று தமிழ் வகுப்பில் வந்து உட்காருவது அங்கே புதிதல்ல. கடலூரிலோ, வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது சேர்கிறார்கள்.

புது மொழிச் சூழலுக்குள் வரும் சிறு குழந்தை சில வாரங்கள், சில நேரம் சில மாதங்கள்கூட, பேசாமல் கவனித்துக்கொண்டே இருப்பது இயல்பு. அது மந்தமல்ல, பிடிவாதமும் அல்ல. அந்தக் காலத்தில் "பேசு, பேசு" என்று வற்புறுத்தாமல், பேசாமலே பங்கேற்கும் வேலைகளைக் கொடுக்க வேண்டும்: நோட்டு வாங்கி அடுக்குவது, மணி அடிப்பது, கரும்பலகை துடைப்பது. மணி அடிக்கும் வேலையை எங்கள் வகுப்பில் எல்லோரும் போட்டி போட்டுக் கேட்பார்கள். அதைத் தமிழ் தெரியாத ஒரு சிறுவனுக்கு ஒரு வாரம் கொடுத்தபோது அவனைச் சுற்றி ஒரு கூட்டமே சேர்ந்தது. ஆறாம் நாள் அவன் பேசிய முதல் தமிழ்ச் சொல் "நவுரு".

மற்ற பிள்ளைகளும் அவன் மொழியில் ஐந்து சொற்களாவது கற்கட்டும். தண்ணீர், வா, உட்கார், சாப்பிட்டாயா, இன்னும் ஒன்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் குரங்கு என்ற சொல்லாகத்தான் இருக்கும்; பரவாயில்லை. ஆனால் வந்த இடத்தைச் சுட்டி ஒரு குழந்தையை ‘வடக்கன்’ என்று அழைத்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சொல் ஏழு வயதுப் பிள்ளையின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. வீட்டிலோ கைபேசியிலோ கேட்டது. அன்று மாலையே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசிவிடுவது என் வழக்கம்.

தமிழே பேசினாலும் பாடத்தில் பின்தங்கியிருந்தால்?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் பாடநூல் மாறிவிடுகிறது: புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, இங்கே சமச்சீர்க் கல்வி. எனவே அங்கிருந்து வரும் குழந்தைக்குத் தெரியாதது இங்கே ‘எல்லாருக்கும் தெரிந்ததாக’ இருக்கும். "இதுகூடத் தெரியாதா?" என்ற கேள்வியை வகுப்பில் யார் கேட்டாலும், ஆசிரியரே கேட்டாலும், தடை செய்துவிட வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில், குழந்தையின் கற்றல் நிலையைக் குறிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவுகளைக் கற்பிக்கும் வசதிக்காக மட்டும் பயன்படுத்துவோம். ‘நீ அரும்பு’ என்று சொல்லி ஒதுக்கும் பட்டமாக அவை மாறிவிடுவதை நானே கண்டிருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

வகுப்பு நேரத்தைவிடச் சாப்பாட்டு நேரத்தையே நான் அதிகம் கவனிக்கிறேன். வகுப்பில் இடத்தை நாம் ஒதுக்குகிறோம். சாப்பிடும்போது யார் அருகே யார் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். இரண்டாம் நாள் டிபன் பாக்ஸில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. பக்கத்தில் இருந்த பையன் மூக்கைப் பிடித்தான். இன்னும் இருவர் அவனைப் பார்த்துப் பிடித்தார்கள். அவள் எழவுமில்லை, அழவுமில்லை. டப்பாவின் மூடியை விரலளவு மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த இடுக்கில் கையை நுழைத்து, உருண்டை உருட்டிச் சாப்பிட்டு முடித்தாள். ஒவ்வொரு கவளத்துக்கும் மூடி திறந்து மூடியது.

நான் அப்போது உபதேசம் செய்யவில்லை; செய்திருந்தால் எல்லோரும் மறுபடியும் அவள் டப்பாவைத்தான் பார்த்திருப்பார்கள். மறுநாளிலிருந்து என் டப்பாவை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். வீட்டில் யார் சமைப்பது, என்ன சமைப்பது என்று பேச்சு போயிற்று. "எங்க ஆயா கருவாடு சுட்டா தெருவே வாசம் அடிக்கும்" என்று இன்னொரு சிறுமி பெருமையோடு சொன்னாள். அதற்கு அடுத்த நாள் மூடி தரையில் கிடந்தது. மூக்கைப் பிடித்த பையனிடம் தனியாகத்தான் பேசினேன். அவன் வீட்டில் சைவம். அந்த வாசம் அவனுக்கு உண்மையிலேயே பழக்கமில்லை. பிடிக்காவிட்டால் இரண்டு இடம் தள்ளி உட்காரலாம், மூக்கைப் பிடிக்கக் கூடாது என்று அவனுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது.

சாப்பாட்டைப் பற்றி இன்னொன்று. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கும் முன்பே பொங்கலோ கிச்சடியோ தருகிறது. புதிதாக வரும் பெற்றோரிடம் இதை யாரும் சொல்வதில்லை. மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாகக் கொண்டு வந்து விடுகிறார்கள். மற்றவர்கள் அரை மணி நேரம் சேர்ந்து சாப்பிட்டு, சிரித்து, சண்டை போட்டு முடித்த பிறகு அந்தக் குழந்தை நுழைகிறது. சேர்க்கை நாளிலேயே நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் வீட்டில் என்ன செய்யலாம்?

பள்ளி விட்டு வரும் குழந்தையிடம் "புதுசா வந்த பையன் பேர் என்ன? இன்னிக்கு என்ன விளையாடினீங்க?" என்று கேட்டால் போதும். "எந்தத் தெரு? அவங்க அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் ‘எந்தத் தெரு’ என்ற கேள்வி முகவரியை மட்டும் கேட்பதில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். குழந்தைக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும், மறுநாள் அதே கேள்வியை அதே தொனியில் வகுப்பில் கேட்டுவிடும்.

மாற்றுத்திறன் உள்ள குழந்தை சேர்ந்தால் வகுப்புக்கு விளக்க வேண்டுமா?

குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால், கேட்டதற்கு மட்டும் உண்மையான சிறிய பதில் போதும். "காதில் இருப்பது என்ன?" என்றால், "சத்தத்தைப் பெரிதாக்கிக் கேட்க வைக்கும் கருவி, கண்ணாடி போல." பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது, முன்னால் வந்து பேச வேண்டும் என்பது போன்ற பயனுள்ள செய்தியைச் சேர்க்கலாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை முதல் வாரத்திலேயே அழைத்துவிடுவது நல்லது.

மாற்றுச் சான்றிதழ் வராமல் குழந்தையை வகுப்பில் உட்கார வைக்கலாமா?

வைக்க வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தை வேறு அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறும்போது, பழைய பள்ளித் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை (டி.சி.) உடனே தர வேண்டும். அது தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. வயதுச் சான்று இல்லாததும் காரணமாகாது. மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் இணையதளத்தில் பழைய பள்ளி குழந்தையை விடுவிக்கும் வரை இங்கே பெயர் ஏறாது என்பது அலுவலகத்தின் சிக்கல். அதற்காகக் குழந்தை தலைமையாசிரியர் அறை பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

எத்தனை நாளில் பழகிவிடும்? எப்போது உதவி தேட வேண்டும்?

நாள் கணக்கு சொல்ல மாட்டேன். காலையில் அழுதாலும் பத்து மணிக்குள் அடங்கி, மாலையில் ஏதாவது ஒரு பெயரை வீட்டில் சொல்கிறது என்றால் சரியான திசையில்தான் போகிறது. வாரங்கள் கடந்தும் பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி, தூக்கத்தில் அலறல், முன்பு நின்றிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை தன் தாய்மொழியே பேசப்படும் பள்ளியில் மாதக்கணக்கில் வாய் திறவாமை ஆகியவை இருந்தால், முதலில் வகுப்பாசிரியரிடமும் பிறகு அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவிலோ ஜிப்மரிலோ காட்டுங்கள். யாரேனும் அடிப்பதாகவோ துன்புறுத்துவதாகவோ தெரிந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

கரும்பு வெட்டு முடிந்ததும் போய்விடும் குழந்தைக்கு இவ்வளவும் எதற்கு?

ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வி வெளிப்படையாகவே கேட்கப்படுகிறது. நெல்லிக்குப்பம் பக்கம் வெட்டுக்கு வந்த குடும்பத்தின் பையன் ஒருவன் என் வகுப்பில் மூன்று மாதம் இருந்தான். இதற்கு முன் எத்தனை பள்ளி என்று கேட்டதற்கு விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, ஒரு கை முடிந்ததும் நிறுத்திக்கொண்டான். அப்படிப்பட்ட குழந்தைக்குப் புதியவனாக இருப்பதுதான் பழகிய நிலை. எங்கள் வகுப்புக்குத்தான் அது புதிது.

அவர்கள் போகும் நாள் முன்கூட்டியே தெரிவதில்லை. மேஸ்திரி சொன்ன இரவே வண்டி கிளம்பிவிடும். ஆகவே அவனுடைய ஓவியங்களையும் கணக்கு நோட்டையும் ஆண்டு முடிவு வரை பீரோவில் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பையில் போட்டு அனுப்பிவிடுவோம். எந்தப் பாடம் வரை படித்தான், எதை நன்றாகச் செய்கிறான் என்று அரைப்பக்கம் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். அதன் கீழே, கொடுத்த இடம் போதாமல் ஓரத்திலும் தலைகீழாகவும், முப்பத்தொரு பேர் தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள்.